ஆலைக் கக்கூஸின் பூட்டு

என்னை எல்லாரும் பெரியவள் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்று. முந்திரி ஆலைக்குப் பின்தெருவில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஓட்டு வீட்டில் கணவருடன் குடியிருக்கிறேன். அந்த ஆலையில் கொட்டை உடைக்கிறேன். ஆலைக் கக்கூஸின் பூட்டை உடைத்து, சூப்பர்வைசரின் விரலை நசுக்கியதாக மேனேஜர் கொடுத்த புகாரின் பேரில் போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

மேற்படி சூப்பர்வைசர் என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை. என் கொழுந்தனாரின் மனைவியும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தாள். அவளைச் சின்னவள் என்போம். நானும் அவளும் எதிரெதிரே தரையில் குந்தி உட்கார்ந்து, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு மரச்சுத்தியலால் உடைப்போம். முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கருத்து உரியும். அது அங்கே எல்லாருக்கும் உள்ளதுதான்.

பெண்கள் பருப்பை மடியில் கட்டிக்கொண்டு போய்த் தின்கிறார்கள் என்று சொல்லி மேனேஜர் கக்கூசைப் பூட்டி, சாவியை என் நாத்தனாரிடம் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் திறக்க உத்தரவு. "பருப்பு திங்க வேற எடமே கெடைக்காம கக்கூஸுக்குப் போறோமாக்கும்!" என்று சின்னவள் சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். அதன் பிறகு வேலை நாட்களில் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டோம்.

அதன் பிறகு சின்னவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. இடுப்பும் வலித்தது. குந்தியே உட்கார்ந்திருப்பதால் வலிக்கிறது என்று நினைத்தோம். அதன் பிறகு குளிர்காய்ச்சல் வந்தும், லீவு போட்டால் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள் என்று வேலைக்கு வந்தாள். ஒரு நாள் முற்பகலில் எழுந்துபோய் நாத்தனாரிடம் சாவி கேட்டாள்.

"மதியம் வரைக்கும் பொறுத்துக்க அண்ணி. மேனேஜர் பாத்தா எனக்குத்தான் வேலை போகும்."

சின்னவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஓட்டுக் குவியல் மேல் சாய்ந்தாள். புடவை நனைந்திருந்தது. அதை என் முந்தானையால் மூடிவிட்டு, அதன் பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். "இவங்க தண்ணியே குடிக்கறதில்லையா?" என்று கேட்டார். வேலை நாளில் குடிப்பதில்லை என்றேன். அங்கேயே சின்னவள் இறந்துபோனாள். உடம்பைக் குளிப்பாட்டும்போது நாத்தனார்தான் தண்ணீர் ஊற்றினாள். நகக்கண்ணில் இருந்த கறுப்பு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

காரியங்கள் முடிந்தபின் வேலைக்குப் போனேன். சின்னவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். முற்பகலில் எழுந்துபோய் நாத்தனாரிடம் சாவி கேட்டேன். "இன்னும் நேரம் ஆகல அண்ணி" என்றாள். எனக்குக் கோபம் வந்ததா என்று அய்யா கேட்கிறார்கள். வரவில்லை. சுத்தியலை எடுத்துவந்து பூட்டின் மேல் அடித்தேன். அவள் "வேணாம் அண்ணி" என்று பூட்டைக் கையால் பொத்தினாள். ஓங்கிய அடி விரலில் விழுந்துவிட்டது. அவள் கையை இழுத்துக்கொண்ட பிறகு மறுபடி அடித்தேன். கொண்டியோடு பூட்டு விழுந்தது.

பெண்கள் எல்லாரும் பின்னால் வந்து நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. நாத்தனார் விரலைச் சேலையில் சுற்றிக்கொண்டு திறந்த கதவையே பார்த்தாள். அதன் பிறகு அவள்தான் முதலில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெகுநேரம் வரவில்லை. வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்:

"நானும் காலைலேர்ந்து போகல அண்ணி. உங்களையெல்லாம் விடாம நான் மட்டும் எப்படிப் போறது?"

அவளை உட்கார வைத்து விரலில் துணி கட்டினேன். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். நான் கடைசியாகப் போய்விட்டு வெளியே வந்தபோது மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

பூட்டை உடைத்தது நான்தான். யாரும் தூண்டவில்லை. விரலில் அடிக்க வேண்டும் என்று அடிக்கவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன், எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) பெரியவள்