நின்றுபோன வண்டிகள்

— மேடையில ரெண்டே நிமிஷம் மாமா. இந்தத் தாள்ல இருக்கறதை அப்படியே படிச்சாப் போதும். கஷ்டமா இருந்தா நான் பக்கத்துல நின்னு மெல்ல எடுத்துக் கொடுக்கறேன்.

— படிக்கத் தெரியும் மாப்ள. மீசை நரைக்கற வயசுலதான் கத்துக்கிட்டேன், ஆனா கத்துக்கிட்டேன். படிச்சதுனாலதான் யோசிக்கறேன். 'ஆத்தைத் தாண்டினோம், எதிரி ஓடினான்'னு எழுதியிருக்கு. யாரு எழுதினது?

— தலைமை ஆபீஸ்ல.

— அவரு ஆத்தைத் தாண்டியிருக்காரா?

— அதாவது மாமா, இது ஒரு பேச்சு. புதுசா சேர்ந்த பசங்க முன்னால உக்காந்திருப்பாங்க. போன சண்டைக்குப் போய் உயிரோட வந்தவரு, அதுலயும் ஒரு கேப்டனோட மாமனாரு, ரெண்டு வார்த்தை சொன்னா அவங்களுக்கு ஒரு தெம்பு.

— சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை, உங்க மாமாவை மேடையில ஏத்தறது சுலபம், இறக்கறதுதான் கஷ்டம். இந்தாங்க டீ. அந்த டயர் மேல உக்காராதீங்க, ஒட்டுப் போட்டது இன்னும் காயல. யூனிஃபார்ம்ல பிடிச்சுக்கும்.

— பாத்தீங்களா மாப்ள. கடை என் பேருல, அதிகாரம் இவ கையில.

— அத்தை, நீங்களாவது மாமாகிட்ட சொல்லுங்க. பேச்சு முடிஞ்சதும் அங்கேயே முன்படைக்குப் பேர் எடுக்கறாங்க. அஞ்சு மணிக்கு முடிச்சுடுவாங்க. நானும் கொடுக்கப் போறேன்.

— எதைக் கொடுக்கப் போறீங்க?

— என் பேரை. முன்படைக்கு. கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டவங்க கொடுக்கறதுதான்.

— நீங்க ஸ்டோர்லதானே இருக்கீங்க? கம்பளி, பூட்ஸு, மூட்டைன்னு.

— அதான் அத்தை. எல்லாரும் என்னை 'மூட்டை கேப்டன்'னு கூப்பிடறாங்க. முதுகுக்குப் பின்னால இல்ல, மூஞ்சிக்கு நேராவே.

— என் பொண்ணுக்குத் தெரியுமா?

— கைக்குழந்தையை வச்சுக்கிட்டு இருக்கா, முன்னாடியே எதுக்குன்னு... பேர் கொடுத்துட்டு வந்து சொல்லிக்கலாம்னு இருக்கேன்.

— சரி.

— எத்தனை நாள்ல முடியும்னு சொல்றாங்க மாப்ள?

— அறுவடைக்கு முன்னால வீட்டுக்கு வந்துடலாம்னு.

— அடேயப்பா. அந்த வார்த்தையைக்கூட மாத்தலையா? எங்களுக்கும் அதேதான். நான் கம்பளியை மடிச்சு வீட்டுலயே வச்சுட்டுப் போனேன், எதுக்கு வீண் சுமைன்னு.

— அது வேற மாமா. எங்களுக்குக் கிளாஸ்லயே சொல்லிக் கொடுத்திருக்காங்க. அன்னைக்கு நாம தோத்தது குளிராலயும் சேத்தாலயும்தான், எதிரியால இல்ல.

— குளிர் என்ன, நமக்கு மட்டும் தனியாவா அடிச்சுது? அவனுக்கும் அதே பனி, அதே சேறு. அவன் அதுல நிக்கறதுக்குத் தயாரா வந்திருந்தான். நாங்க அறுவடைக்கு வீட்டுக்கு வர்றதுக்குத் தயாராப் போயிருந்தோம்.

— இப்ப அவங்க டாங்கெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்குதாம்.

— அப்பவும் துருதான். ஒண்ணை அடிச்சா அதே துருவோட இன்னொண்ணு வந்து நிக்கும். அதை அடிச்சா அதுக்குப் பின்னால ஒண்ணு. எங்கேருந்துதான் வருதோன்னு இருக்கும். பெரிய நாடுன்னா பெரிய பீரங்கின்னு நெனச்சுக்காதீங்க மாப்ள. பின்னால போக அவனுக்கு இடம் இருக்கு. போகப் போக நமக்கு வீடு தூரமாயிடும், அவனுக்கு வீடு கிட்ட வந்துடும்.

— பின்னால போறதுன்னா ஓடறதுதானே மாமா.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். முதல் ஊருக்குள்ள பாட்டுப் பாடிக்கிட்டே நுழைஞ்சோம். அடுத்த ஊர்ல தாகத்துக்குத் தண்ணி இறைக்கலாம்னா கிணத்துல கயிறு இல்ல. அதுக்கு அடுத்த ஊர்ல வாளியும் இல்ல, ராட்டினமும் இல்ல. உயிருக்குப் பயந்து ஓடறவன் கிணத்து ராட்டினத்தை நிதானமாக் கழட்டி எடுத்துக்கிட்டா ஓடுவான்? அப்பவே எங்க பாட்டு நின்னுபோச்சு. அதுக்கப்புறம் பாத்தா தானியக் கிடங்கு எரியுது. நாங்க வைக்கல, அவங்களே வச்சது. வச்ச கையை நெனச்சுப் பாருங்க. விதைச்சதும் அந்தக் கைதானே. எதிரின்னுகூடத் தோணல மாப்ள, மனசுக்குள்ள கும்பிட்டுட்டேன். இவங்களை என்ன செஞ்சு ஜெயிக்கறது?

— அதுக்குத்தான் இந்தத் தடவை நேரா தலைநகர். அதைப் பிடிச்சுட்டா கதை முடிஞ்சுது.

— எங்க தாத்தா காலத்து ராஜா குதிரைப் படையோட போய் அதைப் பிடிச்சாரே. சாவியைக் கொண்டுவந்து கொடுப்பாங்கன்னு கோட்டை வாசல்ல நாள் கணக்காக் காத்துக்கிட்டிருந்தாராம். ஒரு நாய்கூட வரல. தோத்துட்டேன்னு சொல்ல எதிர்ல ஆள் இல்லைன்னா, ஜெயிச்சதை யார்கிட்டப் போய்ச் சொல்றது? திரும்பி வந்தப்போ படையும் இல்ல, குதிரையும் இல்ல. யாரோ ஒரு சிப்பாயோட போர்வையைப் போத்திக்கிட்டு வந்தாராம்.

— சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை, அந்த ராஜாவுக்கும் ஒரு மாமனார் இருந்திருப்பாரு. சொல்லியும் இருப்பாரு.

— அத்தை, நீங்களுமா.

— நான் ஒண்ணும் சொல்லல. பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னி வச்சிருக்கேன். விட்டா மறந்துட்டுப் போயிடுவீங்க, வண்டியிலயே வச்சுட்டு வந்துடறேன். நீங்க பேசிக்கிட்டிருங்க.

— முன் சீட்ல வைங்க அத்தை. ஜீப்பைப் பூட்டல.

— போயிட்டாளா? இப்பக் கேளுங்க. என்னமோ வாய் வரைக்கும் வந்து நிக்குது உங்களுக்கு.

— நீங்க எப்படி மாமா பிடிபட்டீங்க? எங்க புத்தகத்துல 'கடும் சண்டைக்குப் பிறகு லாரிப் படை சிறைப்பட்டது'ன்னு போட்டிருக்கு.

— கடும் சண்டையா? ஒரு தோட்டா வெடிக்கல. எங்களைப் பிடிச்சது ஒரு பொண்ணு மாப்ள. ஒரே ஒரு பொண்ணு.

— பொண்ணா?

— பனி உருகி ரோடும் வயலும் ஒண்ணாக் கிடந்த நேரம். லாரியைத் தள்ளித் தள்ளி ஒரு ஊருக்கு வந்தோம். ஊரே காலி. ஒரு வீட்டுல மட்டும் அடுப்புப் புகை. உள்ள ஒரு பெரியவர் படுத்த படுக்கையா இருக்காரு, டிராக்டர் மெக்கானிக். நடக்க முடியாத அப்பாவை விட்டுட்டு வரமாட்டேன்னு அவர் பொண்ணும் அங்கேயே தங்கிட்டா. எங்களைப் பாத்து அழல, கத்தல. ஒரு அண்டா நிறைய சூப்பு வச்சு எல்லாருக்கும் ஊத்தினா. எத்தனையோ நாள் கழிச்சு வயித்துல சூடா இறங்குது. காவலுக்கு நின்னவன்கூடத் தூங்கிட்டான்.

— ஏதாவது கலந்துட்டாளா?

— சேச்சே. வெறும் அசதி. காலையில எழுந்து சாவியைத் திருப்பறோம், ஒரு வண்டியும் கிளம்பல. என்ஜின்ல தண்ணி ஏறிடுச்சோன்னு பாத்தேன், இல்ல. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. உள்ள விரல் அளவுக்கு ஒரு கருப்புத் துண்டு சுத்தும், ரோட்டர்னு பேரு. ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கறது அதுதான். அதைக் காணோம். வரிசையில எந்த வண்டியிலயும் காணோம். மூடியெல்லாம் இருந்தபடியே அழகா மூடியிருக்கு.

— அடிச்சு நொறுக்கலையா?

— நொறுக்கினா சத்தம் வருமே. அதோட, நாளைக்கு அந்த லாரி அவங்களுக்கே உதவும்ல. அதுவரைக்கும் யோசிச்சிருக்கா பாருங்க. அவங்க ஆளுங்க வந்து, துண்டை எல்லாம் திரும்பப் போட்டு, எங்க லாரியிலயே எங்களை ஏத்திக்கிட்டுப் போனாங்க. என் வண்டியை நானே ஓட்டிக்கிட்டு ஜெயிலுக்குப் போனேன்.

— அவமானமா இல்லையா மாமா?

— அன்னைக்கு இருந்துச்சு. அப்புறம்தான் சேதி வந்துச்சு. எங்களுக்கு முன்னால ஒரு லாரி வரிசை போச்சு, அதுல எவனும் திரும்பல. என் பக்கத்துப் படுக்கைக்காரன், என் பூட்ஸை இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டுப் போனவன், எல்லாரும் அந்த வரிசைதான். வண்டி கிளம்பியிருந்தா மத்தியானத்துக்குள்ள நானும் அவங்களோட சேர்ந்திருப்பேன். உங்க மாமியாரும் இல்ல, உங்க பொண்டாட்டியும் இல்ல. எத்தனையோ தளபதிங்களைப் பாத்துட்டேன் மாப்ள. ஒரு படையையே நிறுத்தி, ரெண்டு பக்கத்துலயும் ஒரு உசுரு போகாம முடிச்ச ஆளு அவ ஒருத்திதான்.

— பாக்க எப்படி இருந்தா மாமா?

— அது... சுமார்தான். மூஞ்சியெல்லாம் அடுப்புக் கரி.

— சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, தாடியும் பேனுமா நீங்க போய் நின்ன லட்சணத்துக்கு அவ சூப்பு ஊத்தினதே பெருசு.

— வந்துட்டியா? ஒரு ஸ்வெட்டரை வைக்க இவ்வளவு நேரமா?

— வண்டி முன்னால ஒரே சேறு, துடைச்சுட்டு வந்தேன்.

— நீங்க இந்தக் கதையைக் கேட்டிருக்கீங்களா அத்தை?

— அதை ஏன் கேக்கறீங்க. ஒவ்வொரு தடவையும் லாரி கூடிக்கிட்டே போகும், சூப்பு அப்படியே இருக்கும்.

— கேக்க நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இதை மேடையில சொல்ல முடியாது.

— அப்ப மேடை வேண்டாம். முன் வரிசையில உக்காந்திருக்கற பையன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு 'எதிரி ஓடினான்'னு எனக்குப் படிக்க வராது. பின்னால கூட்டத்துல அவன் அம்மா நிப்பா.

— சரி மாமா, உங்களைக் கட்டாயப்படுத்தல. ஆனா நான் போறேன். மூட்டை கேப்டனாவே கிழவனாக என்னால முடியாது.

— மூட்டையைக் கேவலமாப் பேசாதீங்க. அங்க வந்து சேராதது அதுதான். கம்பளி வராமதான் எங்க பசங்க விரல் கருத்து உதிர்ந்துச்சு. அதை ஒழுங்கா அனுப்பத் தெரிஞ்ச ஒரு ஆளு அன்னைக்கு எங்களுக்கு இருந்திருந்தா, அவனைத் தோள்ல தூக்கி வச்சு ஆடியிருப்போம்.

— இப்பக் கிளம்பினாத்தான் அஞ்சு மணிக்குள்ள போய்ச் சேருவேன். வரேன் அத்தை.

— ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்.

— நேரமில்ல அத்தை.

— சரி, பாத்துப் போங்க.

— என்னடி இது, நீ தடுப்பேன்னு பாத்தேன். வாசல் வரைக்கும்கூட நீ வரல.

— தட்டை எடுத்து வைங்க. மூணு தட்டு.

— மாமா, கொஞ்சம் இங்க வாங்க. வண்டி கிளம்ப மாட்டேங்குது.

— வரும்போது எப்படி இருந்துச்சு?

— பறந்துச்சு. இப்பவும் லைட் எரியுது, ஹாரன் அடிக்குது. என்ஜின் மட்டும் பிடிக்கல.

— அப்ப பேட்டரிக் கோளாறு இல்ல. பானட்டைத் திறங்க. அந்த வட்ட மூடி, ரெண்டு கிளிப் இருக்கும், கழட்டுங்க.

— கழட்டிட்டேன். மாமா... உள்ள ஒண்ணும் இல்ல.

— ம்.

— என்ன மாமா சிரிக்கிறீங்க?

— டயர் கடையில அதுக்கு ஸ்பேர் கிடையாது மாப்ள. டவுனுக்குப் போற பஸ்ஸும் இப்பத்தான் போச்சு.

— அத்தை, கல்யாணம் பேசினப்போ நீங்க எல்லைப்பக்கத்து ஊருன்னுதானே சொன்னீங்க?

— எல்லைப்பக்கம்தான் மாப்பிள்ளை, எந்தப் பக்கம்னு நீங்க யாரும் கேக்கல. உள்ள வந்து கையைக் கழுவுங்க, சாப்பாடு ஆறுது. அன்னைக்கு அத்தனை லாரிக்கும் விடிய விடிய ஆச்சு, இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான், கையில கரிகூட ஒட்டல.