உடைந்த கண்ணாடிப் பட்டை

— கதவைச் சாத்துங்க. பாப்பா இப்பத்தான் தூங்கினா.

— சாத்திட்டேன். ஆரம்பி. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டை வைக்கும்போதே உன் முகத்துல பாலம் தெரியுது.

— ஆமா, பாலம்தான். அந்த நடுத்தூண்...

— நேத்தே மீட்டிங்ல பேசி முடிச்சாச்சு.

— நீங்க பேசினீங்க. நான் வாயைத் திறந்ததும், ‘மேடம் படகுச் சவாரி போயிட்டு வந்திருக்காங்க’ன்னு எல்லாரையும் சிரிக்க வச்சீங்க.

— வீட்ல பொண்டாட்டி, ஆபீஸ்ல எனக்குக் கீழ இன்ஜினியர். ரெண்டு இடத்துலயும் நானே தோக்கணுமா?

— விளையாடாதீங்க. போன மாசம் அந்தத் தூண் விரிசல் மேல கண்ணாடிப் பட்டை ஒட்டிட்டு வந்தேன். நேத்துப் படகுல போய்ப் பார்த்தா, ரெண்டா உடைஞ்சிருக்கு. விரிசல் பெருசானாத்தான் அது உடையும். உங்களுக்குத் தெரியாதா?

— லாரி அதிர்வுல உடைஞ்சிருக்கும்.

— பக்கத்துத் தூண்ல ஒட்டினது முழுசா இருக்கே. அதே லாரிதானே அதுக்கு மேலயும் போகுது?

— பாலம் நல்லா இருக்குன்னு வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டவன் நான். இப்போ மாத்திச் சொன்னா, இத்தனை நாள் என்னத்தைப் பார்த்தான்னு கேக்க மாட்டாங்க?

— கேக்கட்டும். அப்போ தெரிஞ்சதை அப்போ சொன்னீங்க. இப்போ தெரியறதை இப்போ சொல்லுங்க. இதுல என்ன கேவலம்?

— உனக்குச் சுலபம்... சரி, காய்ச்சல்னு காலையில பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பலையே, இப்போ எப்படி இருக்கு?

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல. எப்படி இருக்கு?

— ... காய்ச்சல் இல்ல.

— ம்.

— பொய் சொன்னேன். ஸ்கூல் பஸ் அந்தப் பாலத்து மேலதான் போகுது. அனுப்ப மனசு வரல.

— மத்த பிள்ளைங்க?

— அதான் காலையிலேர்ந்து என்னைத் தின்னுது. என் பிள்ளையை மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டேன்... சாயங்காலம் அந்த பஸ் திரும்பி வரணுங்க. கெஞ்சிக் கேக்கறேன், பாலத்தை மூடிடுங்க.

— அழாத. பஸ் சுத்து வழியில வரும்.

— என்ன சொல்றீங்க?

— காலையில போனப்பவும் சுத்து வழியிலதான் போச்சு. ஜீப்பைக் குறுக்க நிறுத்திப் பாலத்தை மூடிட்டேன்.

— அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் என்னோட மல்லுக்கு நின்னீங்க?

— நான் சொன்னது தப்புன்னு மேலிடத்துல சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்லத்தான் வாய் வரல.

— நேத்து அவ்வளவு சொன்னேன், கேக்கல. ராத்திரியில யார் வந்து உங்க மனசை மாத்தினா?

— யாரும் வரல. காலையில கிளம்பறப்போ பாப்பா நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன்... சில்லுனு இருந்துச்சு.