கருவாட்டுக்காரி

என் தையல் சுத்தமாக இருக்கும். உத்திரமேரூர் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேதகிரி டீக்கடையில் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவாராம். "ஆஸ்பத்திரிக்குப் போனியா, டெய்லர் கடைக்குப் போனியான்னு கேக்கறானுங்க சார்" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுபவர். பெருங்குடலில் புற்றுநோய்.

அதற்குக் குடலை மட்டும் வெட்டினால் போதாது. குடலைத் தாங்கியிருக்கும் கொழுப்பு மடிப்பை, ரத்தக்குழாய் கிளம்பும் அடிவரை போய், நெறிக்கட்டிகளோடு சேர்த்து எடுக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆபரேஷன் அன்றும் தெரியும். அடியில் விரலை விட்டபோது மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டது. கல் மாதிரி, புற்று ஏறிய கட்டி. பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய். எடுப்பதென்றால் வயிற்றை இன்னும் திறக்க வேண்டும். ரத்தம் பீறிட்டால் என் ஆஸ்பத்திரியில் சமாளிக்க முடியாது. முதலிலேயே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பிவிடுகிற டாக்டர் என்ற பெயர் எனக்கு வேண்டாம். விரலை வெளியே எடுத்துவிட்டேன்.

இங்கே, வெட்டி எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டியாக வேண்டும். தட்டு நிறைந்திருந்தால்தான் நம்புவார்கள். வயிற்றுக்குள் முன்னால் தொங்கும் கொழுப்பில் கொஞ்சம் அரிந்து தட்டில் சேர்த்தேன். மனைவி அம்முலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அண்ணன் புருஷோத்தமன் எட்டிப் பார்த்தான். "யப்பா, இவ்ளோவா. எல்லாம் வந்துட்ச்சா சார்?"

"எல்லாம் வந்தாச்சு" என்றேன்.

அம்முலு கேட்டது வேறு. "பத்தியம் இன்னா சார்?"

பத்தியம் ஒன்றும் கிடையாது. ஆனால் அப்படிச் சொல்கிற டாக்டரை இங்கே மதிக்கமாட்டார்கள். கருவாடு மட்டும் வேண்டாம் என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அதன்பிறகு புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் ஸ்கேன் எடுப்பார்கள். அனுப்பவில்லை.

மறுவருஷம் வேதகிரி வந்தபோது கண் மஞ்சளாக இருந்தது. வயிற்றில் கை வைத்தேன். என் விரலுக்கு அடையாளம் தெரிந்தது.

அம்முலு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். "சார், ஒரே ஒரு வாட்டி கருவாட்டுக் கொயம்பு வெச்சேன். நாக்கு செத்துப்போச்சுடி, இன்னாத்துக்கு என்னைப் பட்னி போட்றன்னு பேஜார் பண்ணிக்கினே இருந்தாரு. அதாலயா சார்?"

"சொன்னேனேம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை.

அறுவடை தொடங்குவதற்குள் வேதகிரி போய்விட்டார். சாவு வீட்டில் அவளே சொல்லி அழுததில், ஊரில் அவளுக்குக் கருவாட்டுக்காரி என்று பெயர். கூடப்பிறந்த புருஷோத்தமனே அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

எனக்கும் சும்மா போய்விடவில்லை. இப்போது எந்த வயிற்றில் கை வைத்தாலும் அந்த மொச்சை தட்டுப்படுகிறது. சோறு பிசையும்போதும் தட்டுப்படுகிறது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: அவரைக் கொன்றது கருவாடு இல்லை. நான் தெரிந்தே விட்டுவந்த கட்டி. எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அம்முலுவிடம் யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். நேற்றும் வந்திருந்தாள். "அவுரு என்னை மன்னிச்சிருப்பாரா சார்?" என்றாள்.

"நல்ல மனுஷன்மா. மன்னிச்சிருப்பாரு" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு அந்த ஆறுதலைச் சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?