தம்பியின் காருக்கு ஒரு டிஃபரன்ஷியல்

எனக்கு இடுப்புக்கு மேலே ஒரு பிடிப்பு உண்டு. நாற்காலியில் இப்படி விறைப்பாகத்தான் உட்கார முடியும். திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிற தொழிலில் முதுகு நன்றாக இருக்கும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

விபத்தான காரைச் சோதித்த உங்கள் பொறியாளர் நேர்மையான மனிதர், இன்ஸ்பெக்டர். எந்த போல்ட்டும் தளரவில்லை, பிரேக்கில் குறையில்லை, கியர்பாக்ஸில் ஆயில் சரியாக இருந்தது என்று சொல்லியிருக்கிறாராம். அத்தனையும் உண்மை. மழை, இறக்கம், வேகம் என்று சொல்லி நீங்கள் இதை இன்றைக்கே முடித்துவிடலாம். ஆனால் எழுந்திருக்கும்போது போகிற போக்கில் ஒன்று கேட்டீர்கள்: இத்தனை வகை இருக்கும்போது தம்பிக்கு ஏன் அந்த வகை டிஃபரன்ஷியலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று. வேறொரு நாளாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பொய் சொல்லவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். என்னிடம் இப்போது அது இல்லை. உட்காருங்கள், சொல்கிறேன்.

வளைவில் திரும்பும்போது காரின் உள்பக்கச் சக்கரம் ஓடுகிற தூரம் குறைவு, வெளிப்பக்கச் சக்கரம் ஓடுவது அதிகம். இரண்டையும் அதனதன் வேகத்தில் சுற்றவிடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம். எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கே எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிடும், உருப்படாத பிள்ளைக்கே வீட்டில் உள்ளதையெல்லாம் ஊட்டுகிற தாயைப் போல. டர்போ வண்டியில் இது இன்னும் மோசம். அதில் சக்தி படிப்படியாக வராது. பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளியதுபோல ஒரேயடியாக வரும். தம்பியுடையது முன்சக்கரங்கள் இழுக்கிற வண்டி. வளைவை விட்டு வெளியே வரும்போது மிதித்தால் உள்பக்கச் சக்கரம் சும்மா சுற்றிப் புகையும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டால் அது இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும்.

அதில் பல்சக்கர வகை சாது. மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தால் விட்டுவிடும். வீட்டு மனிதர்களுக்கு அதைத்தான் போடுவேன். தட்டு வகை முரடு. அதிலும் ஒன்று, காலை எடுத்த பிறகும் பிடியை விடாது. வளைவின் நடுவே ஆக்சிலேட்டரை விட்டால் முன்சக்கரங்கள் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். பந்தயக்காரர்கள் அதைப் பழகியிருப்பார்கள். எங்கே காலை எடுக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

எதைப் போடுவது என்று நான் காரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வருவேன். சாலையைப் பார்க்க மாட்டேன், அவருடைய காலைப் பார்ப்பேன்.

தம்பியின் காலைப் பார்க்க நான் காரில் ஏற வேண்டியதில்லை. அப்பா போனபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அப்பாவின் பட்டறையையும் அவனையும் சேர்த்தே நான் எடுத்துக்கொண்டேன். பயந்தால் அவன் காலை எடுத்துவிடுவான். சைக்கிள் பழகும்போதே அப்படி. பிறகு வேலையில், படிப்பில், எல்லாவற்றிலும் அப்படித்தான். நன்றாகப் போகும்வரை அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு சின்னத் தடங்கல் வந்தால் அப்படியே விட்டுவிடுவான். விழுந்ததைப் பொறுக்க நான் போவேன்.

எத்தனை தடவை போனேன் என்று கணக்கு வைக்கவில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். "அவன இன்னும் காணோம். நீ போய்ப் பாருடி" என்பாள். நான் கைகூடக் கழுவாமல் கிளம்புவேன். ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். கடைசல் பட்டறைக்காரர், நிதானமான மனிதர். தம்பிக்குக் கால் உடைந்திருந்த நேரம் அது. காத்திருக்கிறேன் என்றார். காத்திருந்தார். பிறகு அவர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. உண்மையைச் சொன்னால், வருத்தப்பட நேரம் இருக்கவில்லை.

போன வருடம் அவன் ஒரு சைக்கிள்காரரை இடித்தான். நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "உங்க தம்பிக்கு ஒண்ணும் அடிபடலயே?" என்று கேட்டார். அவர் மனைவி எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். திரும்பி வரும்போது, இவன் ஒருநாள் யாரையாவது கொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சாலையில் போகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. அதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு தம்பி மனைவி மலையில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பல மாதம் கழித்து ஒருமுறை வந்து தங்கினாள், மறுபடி சண்டை, மறுபடி போனாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை.

சென்ற மாதம் அவன் பட்டறைக்கு வந்தான். வழக்கமான கிண்டல் எதுவும் இல்லை. வேலை மேசைமேல் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, மழையில வண்டி ரொம்ப இழுக்குது. அன்னிக்கு மலைப்பாதையில முன்சக்கரம் வழுக்கி, எனக்கே பயமா போச்சு."

"நீ பயந்தியா?"

"சிரிக்காத. பத்திரமா இருக்கற மாதிரி ஏதாவது பார்த்துப் போட்டுக் கொடு. ஞாயித்துக்கிழமை போய் அவளக் கூட்டிட்டு வரப்போறேன். இனிமே ஒழுங்கா இருப்பேன்."

இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்பதை அவன் வாயால் நான் கேட்காத வருடமில்லை. அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, அவ்வளவுதான். பல்சக்கர வகை அலமாரியில் இருந்தது. அவன் வண்டிக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியிருக்கும். நான் அதை எடுக்கவில்லை. பந்தய வண்டிக்காக ஒருவர் வரவழைத்துவிட்டு வேண்டாமென்று விட்டுப்போன, பிடியை விடாத தட்டு வகை ஒன்று அதன் கீழே இருந்தது. அதை எடுத்தேன்.

வேலையை அவசரப்பட்டுச் செய்யவில்லை. கியர்பாக்ஸை இறக்கினேன், பிரித்தேன், பழைய டிஃபரன்ஷியலிலிருந்து கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன். புது பேரிங் போட்டேன். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துக் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கினேன். தட்டுகளின் அழுத்தத்தை மட்டும் அனுமதித்த எல்லைக்குள் மிக அதிகமாக வைத்தேன். எல்லையைத் தாண்டவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. அவனுக்கு அரைகுறை வேலை செய்து கொடுக்க எனக்கு மனம் வராது.

மலைப்பாதை எனக்கு நன்றாகத் தெரியும். ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருக்க வேண்டும், அதனால் அந்த வகை அருமையாக இழுக்கும். அவன் சந்தோஷமாகத்தான் ஏறியிருப்பான். இறங்கும்போதுதான் காலை எடுக்க வேண்டிவரும். இறங்கும்போது அவன் மனைவி பக்கத்தில் இருப்பாள் என்பது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் வர மாட்டாள் என்று நான் நம்பினேன். அந்தச் சைக்கிள் விபத்துக்கு முன்பும் சேர்த்து, அவன் போய்க் கூப்பிட்டதில் இரண்டு தடவை வந்தாள், ஒரு தடவை வரவில்லை. வராமலும் இருந்திருக்கலாம்.

சாவியைக் கொடுத்தபோது அவன் கேட்டான், "ஓட்டறதுல ஏதாவது பார்த்துக்கணுமாக்கா?"

அந்த வகையைப் போட்டுக்கொள்கிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. வளைவில் பயந்து காலை எடுக்காதீர்கள், எடுத்தால் வண்டி திரும்பாது. அதைச் சொல்லாமல் யாரையும் பட்டறையை விட்டு அனுப்பியதில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் நான் ஷூ கயிறு கட்டிவிடும்வரை நிற்பானே, அதே நிற்பு.

"ஒண்ணும் இல்லடா," என்றேன். "எப்பவும் போல ஓட்டு."

அதுதான் நான் செய்தது. மற்றதெல்லாம் பொருத்துகிற வேலை. அந்த வார்த்தையால்தான் அவனைக் கொன்றேன். தெரிந்துதான் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். அம்மா போகச் சொல்வதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். அவனை அடையாளம் காட்டிவிட்டு வெளியே வந்தபோது டாக்டர் கூப்பிட்டார். தம்பி மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, ஆனால் வயிற்றில் இருக்கிற குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்றார். குழந்தை இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். பத்திரமாக இருக்க வேண்டும் என்று அவன் கேட்டது எதற்காக என்பதும். மேசைமேல் உட்கார்ந்திருந்தபோதே அதைச் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லியிருந்தால் நான் பல்சக்கர வகையை எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் சொல்லவில்லை. அது அவன் தவறு.

அவளைப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார் அண்ணி, முழுசா திருப்பினார். வண்டி திரும்பல," என்றாள். நான் தலையசைத்தேன். அவளுக்குத் தலைமுடியை ஒதுக்கிவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து படுத்ததும் தூங்கிவிட்டேன். வருடக்கணக்காக அப்படித் தூங்கியதில்லை. அதை நினைத்தால்தான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

இதற்கு என்ன சட்டம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. வாடிக்கையாளர் கேட்ட பொருளைச் சரியாகப் பொருத்திக் கொடுத்தேன், ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டேன். அதற்கு நீங்கள் என்ன செய்வதாக இருந்தாலும் சீக்கிரம் செய்தால் நல்லது. எலும்பு கூடியதும் அவள் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். அவளைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும், அம்மாவைச் சாப்பிட வைக்க வேண்டும், பிறகு அந்தக் குழந்தை. தகப்பனில்லாத பிள்ளை, நான்தான் வளர்க்க வேண்டும். என்னை விட்டால் அவர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?