கடைசி அத்தியாயம் ஏற்றித் தரப்படும்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்க்கும் ஆள் நான், சார். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் கேளுங்கள், வேல்பாண்டிக்கு அது வழக்கம் என்பார்கள்.

என் நாவலையும் அப்படித்தான் மின்னூலாகப் போட்டேன். வாங்கியவரின் ஒரே கருவியில்தான் திறக்கும், காப்பி எடுக்க முடியாது. பெற்ற பிள்ளையை யாராவது தெருவில் விடுவார்களா? வாங்கியது ஒரே ஒருவர், சுந்தரபாண்டியத்தில் தையல் கடை வைத்திருக்கும் பரிபூரணம். போனில் படித்தால் கண் எரிகிறது, மகள் வாங்கித் தந்த படிப்புக் கருவிக்கு மாற்றிக் கொடுங்கள் என்றார். அதில் திறக்காது என்றேன்.

"பொறவு எதுக்கு அண்ணாச்சி வித்திய?" என்றார். நியாயமாகப் பேசத் தெரியாதவர்.

யாரையோ பிடித்துப் பூட்டை உடைத்துவிட்டார். கடைசி அத்தியாயம் மட்டும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டது. அதற்குள் கடைக்கு வரும் பெண்கள் அத்தனை பேர் போனிலும் நாவல் ஏறியாயிற்று. கேள்விப்பட்டதுமே நான் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். பரிபூரணமே போன் போட்டார்.

"முத்தாத்தா செத்தாளா பொழைச்சாளான்னு தெரியாம ஒருத்திக்கும் வேலை ஓடல அண்ணாச்சி. செத்த நேரம் வந்து சொல்லிட்டுப் போங்க."

என் நாவலின் நாயகியைப் பற்றி அப்படிக் கேட்டது சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். கடைசி அத்தியாயத்தை ஏற்றித் தருகிறேன் என்றதும் எல்லோரும் பாஸ்வேர்டோடு போனை நீட்டினார்கள். அவர்கள் பால்கோவா தின்று கை கழுவுவதற்குள், அந்தக் கருவி உட்பட எல்லாவற்றையும் கடையில் வாங்கிய நாள் போல, உள்ளே ஒன்றுமில்லாமல் துடைத்துக் கொடுத்தேன். கல்யாணப் போட்டோ, பிள்ளை தவழ்ந்த வீடியோ எல்லாம் சேர்ந்து போயிருக்கலாம். திருட்டுச் சரக்கோடு நல்ல பொருளையும் போட்டு வைத்தது அவர்கள் தப்பு. பரிபூரணம் அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, பால்கோவா மிச்சத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

நாவல் என்னுடையதுதான் என்பதற்கு ஆதாரமாக ஸ்டேஷனில் ஒரு காப்பி கேட்கிறீர்கள். அங்கேதான் சிறு சிக்கல். எழுதிய லேப்டாப் போன மாதம் செத்துவிட்டது. புது லேப்டாப்பில் நாவலைத் திறக்கப் போனால் என் பூட்டு, நீ யார் என்று என்னையே கேட்கிறது. முடிவை எப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன், சரியாக நினைவில்லை.

முத்தாத்தாள் என்ன ஆனாள் என்று இந்த ஏட்டம்மாவும் கேட்கிறார். காசு கொடுத்து வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள், சார்.