ஒரு விலாசத்துக்கு ஒரு முறை மட்டும்

நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிக்கிறவன் நான், மாப்பிள்ளை. மற்றவர்கள் ஆன்லைனில் தள்ளுபடிக் கூப்பனைப் பார்த்ததும் அவசரமாக அழுத்துவார்கள். செல்லாது என்று வந்ததும் கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள். நான் அப்பாவின் துணிக்கடையில் வளர்ந்தவன். சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்தால் எங்கள் வீட்டில் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

என் தங்கையைக் கட்டிய உரிமையில் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

வாஷிங் மெஷினுக்குப் பாதி விலைக் கூப்பன் வந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: முதல் ஆர்டருக்கு மட்டும், ஒரு விலாசத்துக்கு ஒரு முறை. எங்கள் வீட்டின் அந்த ஒரு முறையை என் மனைவி ஏற்கெனவே ஒரு தலையணை உறைக்குச் செலவழித்திருந்தாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் அவளோடு பேசவே இல்லை.

பொய் விலாசம் கொடுக்கலாமே என்பீர்கள். அது மோசடி. எனக்கு வேண்டியது உண்மையான புது விலாசம்.

தம்பியும் அவன் மனைவியும் அப்போது எங்களோடுதான் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அடுப்பு. ஒருநாள் தம்பியிடம், "உன் பொண்டாட்டி எண்ணெயைத் தண்ணி மாதிரி ஊத்துறாளாம், உங்க அண்ணி சொல்றா. நான் நம்பலைடா" என்றேன். என் மனைவியிடம், "நீ எண்ணெயை ஒளிச்சு வைக்கிறியாமே? சின்னவ சொன்னாளாம். விடு, பெருசு பண்ணாத" என்றேன். இரண்டையும் சமாதானமாகத்தான் முடித்தேன்.

சமையலறையில் பாத்திரங்களின் சத்தம் கூடியது. பிறகு ஆளுக்கொரு எண்ணெய், ஆளுக்கொரு உப்பு.

"ஏண்டா, பெரியவன் நீ. ரெண்டு பேர்கிட்டயும் நாலு வார்த்தை பேசக் கூடாதா?" என்றாள் அம்மா.

"பேசிட்டுதாம்மா இருக்கேன்" என்றேன்.

தம்பி அடுத்த தெருவில் வீடு பிடித்தான். வாடகையைப் பேரம் பேசிக் குறைத்துக் கொடுத்ததே நான்தான். சாமான் ஏற்றும்போது அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். நான் முதுகைத் தட்டிக்கொண்டே கதவு எண்ணைக் கேட்டுக்கொண்டேன்.

மெஷின் அங்கே வந்து இறங்கியது. அதை இங்கே தூக்கி வந்தபோது அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தங்கமான பிள்ளை.

அப்புறம் ஃபிரிட்ஜுக்குக் கூப்பன் வந்தது. அதே நிபந்தனை.

நீங்கள் கேட்க வந்தது அம்மாவைப் பற்றித்தானே? சின்னவன் பிரிந்ததிலிருந்து அவள் மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். காற்றோட்டமான அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனி எண். அதைத்தான் முதலில் விசாரித்தேன்.

"எங்கடா கூட்டிட்டுப் போற?" என்றாள் காரில்.

"புது விலாசத்துக்கும்மா."

"எத்தனை நாளைக்கு?"

"ஃபிரிட்ஜ் வந்து சேர்ற வரைக்கும்."

ஃபிரிட்ஜ் வந்துவிட்டது; இதோ, உங்களுக்கு ஜில்லென்று தண்ணீர் கொடுத்தேனே. ஆனால் இல்லத்துக்காரர்களுக்கும் நிபந்தனை உண்டு: கட்டின முன்பணம் திரும்பக் கிடைக்காது. அதை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை. அம்மா அங்கேயே இருக்கிறாள்.

ஆமாம், குடும்பத்தைப் பிரித்தவன் நான்தான். மறைக்கவில்லை. குடும்பத்துக்காகத்தான் பிரித்தேன்.

இந்த வாரம் ஏசிக்கு ஒரு நல்ல கூப்பன் வந்திருக்கிறது. அது இருக்கட்டும். உங்களைப் பற்றித் தங்கச்சி ஒன்று சொன்னாள், மாப்பிள்ளை. நான் நம்பவில்லை.