மார்புப் பட்டையில் ஒரு கோளாறு

டாக்டர் ஐயா, முதலில் ஒன்று: நீங்கள் கட்டிக்கொள்ளக் கொடுத்த அந்தப் பட்டை மார்பில் பயங்கரமாக அரிக்கிறது. அடுத்த நோயாளிக்காவது மெத்தென்ற துணியில் தைத்துக் கொடுங்கள்.

நீங்கள் விளக்கியது எனக்கு நன்றாகவே புரிந்தது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவிலுள்ள நேரம் கொஞ்சம் கூடிக் குறைந்தால் இதயம் தெம்பாக இருக்கிறது. ஒரே அளவாக விழுந்தால் களைத்துவிட்டது. என் நுரையீரல் கட்டியை வெட்டுவதற்கு முன் இரண்டு வாரம், வெட்டிய பின் இரண்டு மாதம், காலையில் விழித்ததும் பத்து நிமிடம் படுத்தபடியே கட்டியிருக்க வேண்டும். அந்தக் கூடிக் குறைவதைப் பட்டை ஒரு நம்பராக்கும், பெரிய நம்பர் என்றால் நல்லது; அதைப் போன் தானாக உங்களுக்கு அனுப்பிவிடும். எல்லாம் சரி. நர்ஸ் கேத்ரின்தான் சும்மா இருக்காமல், "பீடி குடிச்சா இது காட்டிக்கொடுத்துரும் அண்ணே, ஆபரேஷனத் தள்ளிப் போட்டுருவாங்க" என்று பயமுறுத்தினார்.

நான் பீடியை விடாதவன். கட்டியோ காத்திருக்காது. என் மனைவி வீரம்மா பீடியைத் தொட்டதே இல்லை.

"இந்தா புள்ள, ஒன் இடுப்பு வலிக்கு டாக்டர் குடுத்தாரு" என்று அவளுக்குக் கட்டிவிட்டேன். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் முப்பது வருடமாக விடியுமுன் எழுந்து, சமைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறவள். "காலையில பத்து நிமிசம் படுத்துக் கெடன்னு என்னைய ஒருத்தரும் சொன்னதில்லீங்க" என்று கண் கலங்கினாள். பக்கத்து வீடுகளிலெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசினாள். அந்தப் பத்து நிமிடத்தில் நான் லயத்துக்குப் பின்னால் போய் நிம்மதியாக ஒரு பீடி பற்றவைப்பேன். நம்பர் நாற்பது, நாற்பத்திரண்டு என்று வந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீடியும் திரும்பி வந்தது. பட்டையை மறுபடியும் அவளுக்கே கட்டினேன். நம்பர் இறங்கியது: இருபது, பதினைந்து. வெட்டியவர்களுக்கு முதலில் இறங்கி அப்புறம் ஏறும் என்றீர்கள். ஏறவில்லை. கிளினிக்கில் என்னைத் தட்டிப் பார்த்தீர்கள், ஒன்றும் தெரியவில்லை. "நம்பர் பொய் சொல்லாது சின்னராசா. இதயம் களைச்சிருக்கு. பாரம் தூக்காதீங்க, ரெஸ்ட் எடுங்க" என்று மாத்திரையும் எழுதினீர்கள்.

களைத்தது யாருடைய இதயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருப்பேன். ஆனால் பீடி விஷயம் வெளியே வந்தால் கேத்ரின் முகத்தில் எப்படி விழிப்பது? உங்கள் பேச்சை மட்டும் நான் மீறவில்லை. ரெஸ்ட் எடுத்தேன். தண்ணீரையும் விறகையும் அவளே தூக்கினாள். மாத்திரையை அவளுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு தடவை யோசித்தேன். ஒருவர் மருந்தை இன்னொருவர் சாப்பிடக்கூடாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கூரைத் தகரத்துக்கு அடியில் செருகி வைத்தேன்.

போன மாதம் மலையில், கொழுந்துச் சாக்கோடு விழுந்தாள். எழவில்லை. அன்று காலை நம்பர் ஒன்பது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கேத்ரின் போனில் கூப்பிட்டு, "ரெண்டு வாரமா நம்பர் வரலையே அண்ணே, சொகமா இருக்கீங்களா?" என்றார். மறுநாள் காலை பட்டையை நானே கட்டிக்கொண்டேன். அரிப்பு எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். மத்தியானம் நீங்களே பேசினீர்கள். "ஐம்பது வந்திருக்கு சின்னராசா. கவலையே இல்லாத மனுசனோட இதயம் மாதிரி இருக்கு."

அதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும், டாக்டர் ஐயா. அந்தப் பத்து நிமிடமும் நான் அழுதுகொண்டிருந்தேன். உங்கள் பட்டையில்தான் ஏதோ கோளாறு.